பன்னிரண்டாவது ஷாஃப்ட்

கரண்ட் போனபோது, மோட்டார் பம்புக்குப் போகிற ஷாஃப்டுகளில் பன்னிரண்டாவது லேத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து இரும்பைச் சீவுகிற டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். அவர் இழுத்தார் என்பதைவிடக் கை இழுத்தது என்று சொல்வதுதான் சரி. பதினேழு வருஷமாக அந்தக் கைக்கு அந்த வேலை தெரியும், அவரைக் கேட்க வேண்டியதில்லை. ஷாஃப்ட் இன்னும் கொஞ்ச நேரம் தன் பாட்டுக்குச் சுற்றியது, வேகம் குறைந்தது, யாரோ கூப்பிட்டதுபோல் ஒரு கணம் தயங்கி நின்றது. ஷெட்டில் இருந்த மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியாக மின்விசிறி. அதன் பிறகு வந்த அமைதி காதில் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அவர் கையில் மைக்ரோமீட்டர் இருந்தது. ஷாஃப்டின் தடிமனை அளக்கிற அந்தக் கருவியை எப்போது எடுத்தோம் என்று யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை. முரட்டுச் சீவல் இப்போதுதான் முடிந்திருந்தது. மேலே ஒரு மெல்லிய சீவல் சீவினால் அளவுக்கு வந்துவிடும். அளந்து பார்க்கக் குனிந்தார். கூரையில் ஒரு தகரத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த ஃபைபர் ஷீட் வழியாக வந்த மஞ்சள் வெளிச்சத்தில் கோடுகள் தெரியவில்லை. மைக்ரோமீட்டரை மரப்பெட்டிக்குள் வைத்து மூடினார். வைத்தோமா என்று திறந்து பார்த்தார். இருந்தது. மூடினார்.

“ஈபிக்காரனுக்கு உங்க மேல ஒரு இரக்கமுங்ணா, கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டுட்டான்” என்றான் பக்கத்து லேத் கதிரவேலு. அவன் ஏற்கெனவே பீடி எடுத்துவிட்டான். “பாருங்க, மூணு பேரு பொட்டு வெச்சுட்டு ஜம்முனு உக்காந்திருக்காளுங்க. நாலாமத்தவளும் வந்துட்டா சீர்வரிசையோட பேக்கிங்குக்கு அனுப்பி வெச்சர்லாம்.” நாச்சிமுத்து அந்தப் பக்கம் பார்க்காமலே சிரித்தார். சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவரது மெஷினுக்குக் கீழே மரப்பெட்டியில் பதினோரு ஷாஃப்ட் கிடந்தன, அதில் மூன்றின் தலையில் சிவப்புப் பெயின்ட். ரிஜெக்ட் என்று எழுத நேரமில்லாததால் பொட்டு. ஷெட்டில் எல்லாரும் அதைப் பொட்டு என்றுதான் சொல்வார்கள். இன்றைக்குக் காலையில் சூப்பர்வைசர் மருதாசலம் பக்கத்தில் வந்து, எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பன்னண்டு ஷாஃப்டு. மூணு வரைக்கும் பரவால்ல. நாலாவது விழுந்துதுன்னா நாளையிலிருந்து உங்களைப் பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. எம்மேல வருத்தப்படாதீங்க நாச்சிமுத்து.” பேக்கிங் என்பது ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஆறு பெண்கள் உட்கார்ந்து ஷாஃப்டுக்குக் கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, நூல் கட்டுவார்கள். ஆண்பிள்ளைகள் அங்கே போனதென்றால் விரல் போனவர்கள்தான். பிரஸ்ஸில் கை மாட்டி இரண்டு விரல் போன ஒருவர் அங்கே நான்கு வருஷம் இருந்துவிட்டுப் போனார். நாச்சிமுத்துவுக்குப் பத்து விரலும் இருந்தன. வருத்தப்படாதீங்க என்று மருதாசலம் சொன்னபோது வருத்தம் வருகிறதா என்று உள்ளே பார்த்தார். குளிர்காலத்தில் சைக்கிள் மிதித்து வந்த பிறகு காதைத் தொட்டால் வேறு யாருடைய காதையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது.

தரம் பார்க்கிற ஜெயசீலன் வந்து ஏழு மாதம் ஆகிறது. தை மாதம் வந்தான். தெற்கத்திப் பையன், டிப்ளமோ படித்தவன், பேச்சில் மரியாதை குறையாது. அதுதான் கஷ்டம். ஒருவன் கத்தினால் திருப்பிக் கத்தலாம், இல்லாவிட்டால் மனசுக்குள்ளாவது கத்தலாம். அவன் ஷாஃப்டை அளவு சரிபார்க்கிற கேஜில் போட்டுப் பார்ப்பான், பக்கத்துப் பெயின்ட் டப்பாவில் இருக்கிற குச்சியை எடுத்து, சிந்தாமல் வழித்து, தலையில் ஒரு பொட்டு வைப்பான், காய்வதற்கு மெல்ல ஊதுவான், பிறகு “அண்ணாச்சி, ரெண்டு பாயின்ட் கம்மி” என்பான். ரெண்டு பாயின்ட் என்றால் தலைமுடியைப் பிளந்தால் வருகிற தடிமன். அந்த அளவு குறைந்தாலும் பேரிங் ஆடும், பேரிங் ஆடினால் பம்பு கத்தும், பம்பு கத்தினால் தோட்டக்காரன் கடைக்காரனிடம் வருவான், கடைக்காரன் ஜெயசீலனுக்குப் போன் போடுவான். எல்லாம் நியாயம். ஊதாமல் இருந்திருக்கலாம். அந்த ஊதுகிற சத்தம் அவருக்கு இப்போது எங்கே போனாலும் கேட்கிறது, வீட்டில் மனைவி சூடான பாலை ஊதினால்கூட.

வந்த முதல் வாரம் அவன் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தபோது நாச்சிமுத்து கையில் டீக் கிளாஸோடு நின்றிருந்தார். ஜன்னல் மேடையில் நான்கு ஷாஃப்ட் வரிசையாகக் கிடந்தன, முரட்டுச் சீவல் மட்டும் முடித்தவை. அது அவருடைய வழக்கம். நான்கு நான்காக முதல் சீவல் சீவி ஜன்னலில் அடுக்குவார். டீ குடிப்பார். அதற்குள் இரும்பு ஆறிவிடும். பிறகு ஒவ்வொன்றாக மறுபடி மாட்டி, அளந்து, கடைசிச் சீவல். சூட்டில் இரும்பு கொஞ்சம் பெருத்திருக்கும், அந்தச் சூட்டில் அளந்து சீவினால் ஆறின பிறகு சுருங்கிப் போகும், அவ்வளவுதான் சங்கதி. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆரம்ப காலத்தில் நாலைந்து ஷாஃப்டைக் கெடுத்த பிறகு கை தானே கண்டுபிடித்தது. ஜெயசீலன் ஜன்னலைப் பார்த்தான், டீயைப் பார்த்தான். “அண்ணாச்சி, அரை வேலையை ஜன்னல்ல போட்டுட்டு டீ குடிக்கியளே. ஒண்ணை எடுத்தா அதை முடிச்சிட்டு அடுத்ததை எடுங்க. மெசின் நிக்குதுல்லா?” நாச்சிமுத்து, “இல்லீங்க, கொஞ்சம் ஆறோணுமுங்க” என்றார். “ஆறுததுக்கு இது என்ன காப்பியா?” என்றான் அவன். கெட்ட எண்ணத்தில் இல்லை, வாயில் வந்தது. அவன் முன்பு இருந்த கம்பெனியில் மெஷினில் ஓயாமல் எண்ணெய்த் தண்ணீர் கொட்டும், ஷாஃப்ட் குளித்துவிட்டு வருகிற குழந்தை மாதிரி வெளியே வரும், அவனுக்குச் சூடு தெரியாது. இங்கே எண்ணெய்த் தண்ணீர் கொட்டுகிற பம்பு ரிப்பேராகி இரண்டு வருஷம், டப்பாவில் பிரஷ் தொட்டுத் தடவுவதுதான். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷெட்டே சிரித்துவிட்டது. கதிரவேலு அன்றிலிருந்து ஒரு மாதம், டீ வரும்போதெல்லாம், “நாச்சிமுத்தண்ணனுக்கு ஒரு ஷாஃப்டு, சக்கரை கம்மியா” என்று கத்துவான். நாச்சிமுத்து ஜன்னலில் அடுக்குவதை நிறுத்தினார். ஒன்றை எடுத்து, சீவி, சுடச்சுட அளந்து, சுடச்சுட முடித்து, பெட்டியில் போட்டார். மூன்றாம் நாள் முதலாவது பொட்டு விழுந்தது.

ஏன் விழுந்தது என்று அன்றைக்கு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் அவன் மேசைக்குப் போனார். அவன் யாரிடமோ போனில், “ஆமா சார், சரி சார், என் தப்புதான் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு பக்கக் காது சிவந்திருந்தது. போனை வைத்துவிட்டு, “காரணம் சொல்லாதீங்க அண்ணாச்சி. எனக்குப் பீஸ் சரியா இருக்கணும், அவ்வளவுதான்” என்றான், இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே. இவர் திரும்பி வந்தார். அடுத்த வாரம் இரண்டு பொட்டு. அதற்கடுத்த வாரம் ஒன்று. அளப்பதில் தப்பு நடக்கிறதோ என்று இரண்டு தடவை அளந்தார், பிறகு ஐந்து தடவை, பிறகு அளந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் அளந்தார். அளக்க அளக்க எண் மாறியது. சித்திரை வந்தபோது சூட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சூடுதான் காரணம் என்று நாமாக வைத்துக்கொண்டோமோ, உண்மையில் கைதான் போய்விட்டதோ, பதினேழு வருஷமாகச் சரியாக வந்ததே ஏதோ தற்செயலாக இருக்குமோ. ஒருவன் தினமும் உன் சட்டையில் கறை இருக்கிறது என்று சொன்னால் நாலாம் நாள் நாமே தட்டிக்கொள்கிறோம். ஆடியில் அதையும் யோசிப்பது நின்றுவிட்டது. ஜெயசீலன் ஊதினான், ரெண்டு பாயின்ட் என்றான், இவர் “சரிங்க” என்றார். எட்டுப் பத்து மாதம் முன்புவரை ஒரு நல்ல சீவல் போகும்போது டூலிலிருந்து ஒரு சத்தம் வரும், நெல்லைக் கையால் அளைகிற மாதிரி, அந்தச் சத்தம் வந்தால் நெஞ்சில் எங்கோ ஒரு இடம் தளரும். இப்போது சத்தம் வருகிறதா வரவில்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. வந்துகொண்டுதான் இருக்கும். கேட்கிற இடம்தான் காலியாகிவிட்டது.

கிணற்றில் ஒரு தடவை இப்படித்தான் ஆனது. ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும். அதுவரை அவர் தண்ணீரில் குதித்தால் மிதந்து வந்துகொண்டிருந்தார், எப்படி மிதக்கிறோம் என்று கேட்டுக்கொண்டதில்லை. மேட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த மாமா ஒருவர், “ஏண்டா, காலை எதுக்குடா தவளையாட்டம் உதைக்கறே, பாக்கவே சகிக்கலை” என்றார். மறுமுறை குதித்தபோது காலைப் பற்றி நினைத்தார். நீட்டுவதா மடக்குவதா என்று நினைத்த மாத்திரத்தில் கால் அவருடையதாக இல்லாமல் போய்விட்டது, வாயில் தண்ணீர் ஏறியது, தலைக்கு மேலே பச்சையாக வெளிச்சம் ஆடியது. அந்த மாமாதான் குதித்துத் தூக்கினார். தூக்கிப் படியில் போட்டு, “சொன்னேன் பாத்தியா, காலு சரியில்லைன்னு” என்றார். அதைக் கேட்டு எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நாச்சிமுத்துவும் இருமிக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் நீச்சல் அடிக்கவில்லை. கிணறு இருக்கிற பக்கம் போகாமலே இருக்க எத்தனையோ வழி இருந்தது, ஒருவரும் கவனிக்கவுமில்லை. லேத்துப் பக்கம் போகாமல் இருக்க வழி இல்லை, காலை ஏழரைக்குச் சங்கு ஊதினால் கால் இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது.

“ஏனுங்ணா, தூங்கீட்டீங்களா?” என்றான் கதிரவேலு. “இல்லப்பா.” “வூட்ல என்ன கொழம்பு?” நாச்சிமுத்து யோசித்தார். ஒரு மணி நேரம் முன்புதான் சாப்பிட்டது. புளிப்பு இருந்த ஞாபகம், காய் எது என்று வரவில்லை. “கத்தரிக்கா” என்றார், ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. கதிரவேலு பீடிப் புகையை மேலே விட்டு, “எங்கூட்ல மூணு நாளா அதே கொள்ளுப் பருப்புங்ணா. நல்லால்லைன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னிக்கிருந்து வேற எதுவும் வெக்கறதில்லைன்னு வைராக்கியமா இருக்கறா” என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஷெட்டில் யாராவது விசில் அடிப்பார்கள் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தார், கரண்ட் போனால் யாராவது ஒருவன் விசில் அடிப்பான். யாரும் அடிக்கவில்லை. அடிக்காமல் போனதும் அவர் நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்தது வந்துவிட்டது. சுகந்தி. அவர் மகள், பதினான்கு வயது. செடிக்குத் தண்ணீர் விடும்போது, தலை வாரும்போது, பாவாடை துவைக்கும்போது விசில் அடிப்பாள். பாட்டு முழுவதும் அடிப்பாள், நடுவில் வரும் தபேலாவைக்கூட நாக்கால் தட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளித்து, அப்புறம் இந்தப் பாட்டு அடி, அந்தப் பாட்டு அடி என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆனி மாதம் ஒரு சாயங்காலம், அன்று அவருக்கு இரண்டு பொட்டு, அவர் கை கழுவிக்கொண்டிருந்தார், அவள் பின்னால் நின்று ஏதோ புதுப் பாட்டை அடித்துவிட்டு, “எப்படிப்பா?” என்று கேட்டாள். அவர் துண்டில் கையைத் துடைத்தபடி, “சுதி சேரலை” என்றார்.

சுதி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் யாரோ நாயனக்காரரைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறார், அந்த வார்த்தை அன்றைக்கு வாயில் தயாராக இருந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை, அழவில்லை, “அப்படியா” என்றாள், வாளியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் செடிக்குத் தண்ணீர் விட்டாள். தலை வாரிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து அவர் மனைவி, “என்ன இவ, சத்தமே காணோம்?” என்றாள். பத்து நாள் கழித்து அவர், “அந்தப் பாட்டு என்ன, அடி பாக்கலாம்” என்று கேட்டுப் பார்த்தார். அவள் உதட்டைக் குவித்தாள். காற்று மட்டும் வந்தது. சிரித்துவிட்டு, “மறந்துருச்சுப்பா” என்றாள். மறந்திருக்கும், பிள்ளைகளுக்கு எத்தனையோ மறக்கிறது. ஆனால் அவள் உதட்டைக் குவித்தபோது கண் அவர் முகத்தின் மேல் இருந்தது. அந்தக் கண்ணை அவருக்குத் தெரியும். ஜெயசீலன் ஷாஃப்டைக் கேஜில் போடும்போது அவன் கையைப் பார்க்கிற தன் கண். அந்தப் பொட்டை எங்கிருந்து எடுத்துவந்து எங்கே வைத்துவிட்டோம் என்று அன்றைக்கு ராத்திரி படுக்கையில் ஒரு தடவை தோன்றியது. தோன்றியது, போய்விட்டது, அதுவும் எங்கோ தூரத்தில் அடிக்கிற தலைவலி மாதிரிதான் இருந்தது. எழுந்து போய்க் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்தார். போட்டிருந்தது. படுத்தார். மறுபடி போய்ப் பார்த்தார்.

வெளியே தார்ச்சாலையில் ஒரு டவுன் பஸ் போகிற சத்தம் முழுதாகக் கேட்டது, கண்டக்டரின் விசில்வரை. மெஷின் ஓடும்போது அது கேட்காது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை, அரை மணி இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். பெட்டியில் இருக்கிற மூன்று பொட்டையும் பார்த்தார், லேத்தில் மாட்டியிருக்கும் நாலாவதையும் பார்த்தார். நாலாவது என்று தன் மனசு அதற்குப் பெயர் வைத்துவிட்டதைக் கவனித்தார். பன்னிரண்டாவது என்று சொல்லவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது, அது ஒளிந்திருக்கவில்லை, காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. இது கெட்டுப்போக வேண்டும் என்று அவருக்கு ஆசையாக இருந்தது. ஆசை என்பது பெரிய வார்த்தை. கால் வலிக்கும்போது உட்கார ஒரு இடம் தெரிந்தால் அதைப் பார்ப்போமே, அப்படி. கெட்டுப்போனால் நாளைக்கு அளக்க வேண்டாம். ஊதுகிற சத்தம் வேண்டாம். பயமாக இருக்கும் என்று நினைத்தார், பேக்கிங் என்றால் ஊருக்குள் என்ன சொல்வார்கள், மச்சினன் என்ன சொல்வான், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் எழுந்து வரவில்லை. பதினேழு வருஷம் என்று மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சொன்னதோடு சரி. பழைய கையாக இருந்தால் இந்நேரம் ஷாஃப்டின் மேல் விரலை வைத்துப் பார்த்திருக்கும். அவர் கை மெஷின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, எப்போது வந்து உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

கரண்ட் வந்தது. எல்லாரும் “ஓ” என்று கத்தினார்கள். விசிறி கிறீச்சிட்டது, மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. நாச்சிமுத்து மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். ஒரு தடவைதான் அளந்தார், இன்னொரு தடவை அளக்கக் கை வரவில்லை. எண்ணைப் பார்த்தார், டூலை வைத்தார், கடைசிச் சீவலை விட்டார். மெல்லிய சுருள் பளபளவென்று வந்து காலடியில் விழுந்தது. நெல்லை அளைகிற சத்தம் வந்ததா என்று கேட்காமல் கழற்றினார். கழற்றியபோது உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவ்வளவு நேரம் நின்றிருக்கிறதே, ஆறித்தானே இருக்கும். அது ஒரு செய்தி மாதிரி மனசுக்குள் வந்து, எந்த இடத்திலும் உட்காராமல் நின்றது. பதினோரு ஷாஃப்டையும் அவன் முன்பே பார்த்துவிட்டதால் இந்த ஒன்றை மட்டும் துணியில் துடைத்து ஜெயசீலன் மேசைக்கு எடுத்துப் போனார். போகிற வழியில் கதிரவேலு புருவத்தைத் தூக்கி, நெற்றியில் விரலை வைத்துப் பொட்டு வைக்கிற மாதிரி காட்டினான்.

ஜெயசீலன் கேஜில் போட்டான். போக வேண்டிய பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, போகக்கூடாத பக்கம் நின்றது. திருப்பிப் போட்டான். மைக்ரோமீட்டரை எடுத்து அவனும் அளந்தான். குச்சியிருந்த டப்பாவை ஓரமாக நகர்த்தினான். அவன் முகம் தளர்ந்தது, அவனுக்கும் இன்றைக்கு ஏதோ தப்பித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். “அச்சு மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்றான். “பாத்தியளா? சொல்லிச் சொல்லித்தான் வருது. நான் சொல்லலைன்னா வந்திருக்குமா? மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இனிமே விடாம சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க பழைய மாதிரி ஆயிருவிய.” நாச்சிமுத்துவின் தொண்டைவரை ஒரு வாக்கியம் வந்தது. கரண்ட் போச்சுங்க, அதுல ஆறிப் போச்சுங்க, அதானுங்க. இவ்வளவுதான், ஏழு மாதமாகச் சொல்லாமல் இருந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், அவன் இன்றைக்குக் கேட்கிற மனநிலையில் இருந்தான், நாற்காலியைக்கூட இவர் பக்கம் திருப்பியிருந்தான். கிணற்றுப் படியில் தலையாட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். “ஆமாங்க” என்றார் நாச்சிமுத்து.

அங்கிருந்து அவர் லேத்துக்குத் திரும்பவில்லை. மருதாசலம் மர அலமாரிக்குப் பக்கத்தில் நின்று அடுத்த வாரத்துக்கு யாருக்கு எந்த மெஷின் என்று எழுதிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பேனாவை மூடினார். “என்னாச்சு?” “சரியா வந்துருச்சுங்க.” “அப்பாடா” என்றார் மருதாசலம், உண்மையாகவே மூச்சு விட்டார். “காலையிலிருந்து எனக்கு நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருந்துதுங்க. போங்க, போய் மெஷினைத் துடைங்க.” நாச்சிமுத்து நின்றார். “என்னைப் பேக்கிங்குக்கு மாத்தீருங்க.” மருதாசலத்துக்கு முதலில் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது புரியவில்லை. “மூணுதானே ஆச்சு? நாலாவதுதான் விழலையே?” “விழலீங்க.” “அப்பறம் என்னுங்க?” “மாத்தீருங்க” என்றார் நாச்சிமுத்து மறுபடி. “ஜெயசீலன் ஏதாச்சும் சொன்னாரா?” “நல்லா இருக்குன்னாருங்க.” மருதாசலம் அவர் முகத்தைப் பார்த்தார், இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை. “பதினேழு வருசமுங்க. யோசிச்சுத்தான் சொல்றீங்களா? ஒருக்கா உட்டுட்டா அப்பறம் மெஷின் வேற ஆளுக்குப் போயிரும். திருப்பிக் கேட்டா எங்கையில இல்லை.” “சரிங்க.” “ஊட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க.” “இல்லீங்க, இப்பவே போறனுங்க.” மருதாசலம் பேனாவைத் திறந்து, எழுதாமல் மூடினார். “அங்க ஆளு பத்தலைதான்” என்றார், தனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி.

தகரக் கொட்டகையில் வெயில் சாய்ந்து இறங்கியிருந்தது. பெண்கள் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு ஒன்றும் பார்க்காத மாதிரி தாளை எடுத்தார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைவி மாதிரி இருக்கிற மாராத்தாள் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, “உக்காருங்ணா” என்றாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு ஷாஃப்டை எடுத்து அவர் முன்னால் வைத்து, கிரீஸ் எவ்வளவு, தாளை எந்த முனையிலிருந்து ஆரம்பிப்பது, நூலை எங்கே முடிச்சுப் போடுவது என்று ஒரு தடவை செய்து காட்டினாள். கஷ்டமான வேலை இல்லை. நாச்சிமுத்து ஒன்றை எடுத்தார். கிரீஸை விரலில் எடுத்துத் தடவினார். தாளின் மூலையைச் சாய்வாக வைத்து உருட்டினார், தாள் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டே போனது, மடிப்பு மடிப்பாக, ஒரு மடிப்பின் விளிம்பு அடுத்ததின் மேல் சரியாக உட்கார்ந்தது. எதையும் நினைக்காமல் செய்தார். இங்கே டப்பா இல்லை, குச்சி இல்லை, கேஜ் இல்லை. தலைக்கு மேலே தகரம் சூட்டில் டிக் டிக் என்று சத்தம் போட்டது, அதைக் கேட்டுக்கொண்டே நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, பக்கத்தில் வைத்தார்.

மாராத்தாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அட” என்றாள். “ஏ புள்ளைங்களா, இங்க பாருங்க. மொத நாளுன்னு சொன்னா ஆராச்சும் நம்புவாங்களா? கச்சிதமா சுத்தியிருக்கீங்களேங்ணா.” நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருத்தி, “எங்களுக்கு வேலை போயிரும் போலிருக்குங்ணா” என்றாள், மற்றவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து மாராத்தாளின் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இருக்கிறதா என்று பார்த்தார், கண்ணில், உதட்டோரத்தில், புருவத்தில். இல்லை. வேர்வை மட்டும் இருந்தது. அவர் கையை நீட்டி அந்த ஷாஃப்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். முடிச்சை அவிழ்த்தார். நூலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தாளைப் பிரிக்க ஆரம்பித்தார். “ஏனுங்ணா பிரிக்கறீங்க?” என்றாள் மாராத்தாள். “நல்லாத்தானே இருந்துது?” “இருங்க, ஒருக்கா பாத்தர்றேன்” என்றார். தாள் முழுவதும் பிரிந்தது. கிரீஸ் பூசிய இரும்பு வெயிலில் மின்னிக்கொண்டு மடியில் கிடந்தது. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எதுவும் தப்பாகத் தெரியவில்லை. மூலையைச் சாய்வாக வைத்து, முதலில் எப்படி வைத்தோம் என்று யோசித்து, விரலைக் கவனித்துக்கொண்டே மறுபடி சுற்றினார். இந்தத் தடவை தாள் நேராக உட்காரவில்லை.